லாரியை நகரவிடாத சேவியர் அண்ணன்

பட்டர்வொர்த் துறைமுகத்தில் சரக்கு ஏற்றுவதற்காக லாரியோடு வரிசையில் நின்றிருந்தபோது சேவியர் அண்ணனின் மனைவி தெரேசா அக்கா தொலைபேசியில் அழைத்தார். எப்போதும் "ரஹீம், சாப்பிட்டியா?" என்று தொடங்குபவர் அன்று என் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

"அண்ணன இடிச்சிட்டாங்க. பாலத்துக்கிட்ட ஒரு லாரி பழுதாகி நின்னுச்சாம். இவரு எறங்கிப் பாக்கப் போயிருக்காரு. பின்னால வந்த கார் அப்படியே அடிச்சு இழுத்துட்டுப் போயிருச்சு."

பிணவறையில் அடையாளம் காட்டியவன் நான். முகம் உதவவில்லை. வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை சுருங்கிக் கிடந்த பழைய சூட்டுத் தழும்பைப் பார்த்துத்தான் தலையசைத்தேன். அந்தத் தழும்பின் கதை எங்கள் இருவருக்கும் பொதுவானது. அதை எழுத வேறு ஆளில்லை.

ஜார்ஜ் டவுனின் ஜெலுத்தோங் பகுதியில், கடலை ஒட்டிய தகரக் கொட்டகைகளில் ஒன்றில் பழைய டீசல் லாரிகளுக்கான பட்டறை வைத்திருந்தார் சேவியர் அண்ணன். அவரைச் சாந்தமானவர் என்று எழுதினால் அறிந்தவர்கள் சிரிப்பார்கள். ஸ்பானர் எறிவார். வாடிக்கையாளரை வாசலுக்குத் தள்ளிக் கதவைச் சாத்துவார். என்னை முதன்முதலில் சந்தித்தபோது சட்டைக் காலரைப் பிடித்து லாரியிலிருந்து கீழே இழுத்தார்.

அன்று என் லாரியில் எண்ணெய் அழுத்தம் குறைந்தால் எரியும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எப்போதிலிருந்து என்று கேட்டார்.

"பாலம் ஏறுறதுக்கு முன்னாடி, ஜுருலயே எரிஞ்சிச்சு அண்ணே. ஆக்சிலேட்டர மிதிச்சா அணைஞ்சிரும்லா."

"உன் நெஞ்சுல மிதிச்சா நீயும்தான் அணைஞ்சிருவ. லைட் எரிஞ்சா நிறுத்தணும். அப்புறம்தான் பேச்சு."

திட்டிக்கொண்டே எண்ணெயின் அளவைப் பார்த்தார், சரியாக இருந்தது. எஞ்ஜினிலிருந்த அழுத்தச் சுவிட்சைக் கழற்றி, அந்தத் துளையில் தம்முடைய முள் மீட்டரைப் பொருத்தி ஓட்டினார். எஞ்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகும் முள் இறங்கவில்லை. "எஞ்ஜின் நல்லாருக்கு. சுவிட்சுதான் பொய் சொல்லுது," என்று புதிது மாட்டி அனுப்பினார்.

அந்தச் சின்னப் பழுதுதான் பிறகு வினையாயிற்று. அந்த விளக்கு எப்போது எரிந்தாலும் சுவிட்சுதான் காரணம் என்று என் முதலாளி அன்றே முடிவு கட்டிவிட்டார்.

பெருந்தொற்றுக் காலத்து ஊரடங்கு தளர்ந்து, தேங்கிய சரக்கெல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பிய சமயம். ஈப்போவுக்கு இரும்புக் கம்பி ஏற்றியிருந்தேன். மீண்டும் சிவப்பு விளக்கு. "சுவிட்சு மாத்திட்டுக் கெளம்பு," என்றார் முதலாளி தொலைபேசியில். நான் நேராக ஜெலுத்தோங் போனேன்.

இம்முறை அண்ணன் திட்டவில்லை. அளவுகோலை உருவிப் பார்த்தார். எண்ணெய் குறையவில்லை, கோட்டுக்கு மேலே நின்றது. விரலில் தொட்டு முகர்ந்து என் மூக்கருகே நீட்டினார். டீசல் நெடி. எண்ணெயில் டீசல் கசிந்து அதைத் தண்ணீர்போல் ஆக்கியிருந்தது. மீட்டரை மாட்டினார். எஞ்ஜின் குளிர்ந்திருந்தபோது நிமிர்ந்து நின்ற முள், சூடு ஏற ஏறச் சரிந்து, மெதுவோட்டத்தில் அடியில் போய்ப் படுத்தது. அடியிலிருந்து கனத்த தட்டல் சத்தம் வேறு. வடிகட்டியைக் கழற்றிப் புதியது மாட்டிவிட்டு, பழையதை ரம்பத்தால் அறுத்து, உள்ளிருந்த தாளை வெயிலில் விரித்தார். மடிப்பெல்லாம் செம்புத் துகள் மின்னியது.

"பேரிங் தேஞ்சு செம்பு வந்துருச்சு ரஹீம். இந்த லோடோட கோலகங்சார் மேடு ஏறினா உள்ள இருக்குற ராடு எஞ்ஜின் பிளாக்க ஒடச்சிக்கிட்டு வெளிய வரும்."

முள் சரிந்ததுமே முதலாளிக்குத் தொலைபேசியில் சொல்லியிருந்தேன்; அண்ணன் பேசி முடிப்பதற்குள் அவருடைய கார் வந்து நின்றது. கூட இரண்டு ஆட்கள், கெட்டி எண்ணெய் டின்களோடு. ஒருவன் கையில் இரும்புக் குழாய்.

"இத ஊத்து. முள்ளு ஏறிரும்," என்றார் முதலாளி.

"முள்ளு ஏறும் போஸ். தேஞ்ச பேரிங் வளருமா?"

"வண்டி என்னோடது. ரஹீம், ஏறு."

நான் ஏறவில்லை. குழாய்க்காரன் என்னைத் தள்ளிவிட்டுக் கதவைப் பிடித்தான். அந்த நேரத்தில் அண்ணன் ஒரு ஸ்பானரை எடுத்துக்கொண்டு லாரிக்கு அடியில் நுழைந்தார். என்ன செய்யப் போகிறார் என்று முதலாளிக்குத்தான் முதலில் புரிந்தது. "இழுங்கடா அவன," என்று கத்தினார்.

ஒருவன் கால்களைப் பிடித்து இழுத்தான். மற்றவன் குழாயால் தொடையிலும் இடுப்பிலும் அடித்தான். அடிக்கும் சத்தத்துக்கு நடுவே ஸ்பானர் சுழலும் சத்தம் நிற்காமல் கேட்டது. எண்ணெய்த் தொட்டியின் அடித் திருகு கழன்றது. சற்றுமுன்வரை ஓடிய எஞ்ஜினின் கொதிக்கும் எண்ணெய் அவருடைய வலது கையின்மேல் கொட்டியது. ஒரு மாட்டின் குரல்போல் ஏதோ அவரிடமிருந்து வந்தது. ஆனாலும் கையை வெளியே நீட்டி, அந்தத் திருகைப் பின்னாலிருந்த பெரிய சாக்கடைக்குள் வீசினார். இனி அந்த லாரி நகர வழியில்லை.

அவர்களுக்கு வெறி ஏறியது அதற்குப் பிறகுதான். வெளியே இழுத்துப் போட்டு, கறுப்பு எண்ணெயில் வழுக்கி வழுக்கி உதைத்தார்கள். தலையை நோக்கிக் குழாய் உயர்ந்தபோது நான் சக்கர ஸ்பானரை எடுத்து அந்தக் கையில் இறக்கினேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அதற்காக இன்றுவரை நான் வருந்தவில்லை. பக்கத்துக் கொட்டகைக்காரர்கள் கட்டைகளோடு ஓடி வந்த பிறகுதான் அவர்கள் காரில் ஏறினார்கள்.

மருத்துவமனையில் அண்ணனுக்கு விலா எலும்பில் கட்டு, கையில் கட்டு. எதற்கு அண்ணே இவ்வளவு என்று கேட்டேன். 

"பட்டறை வைக்கிறதுக்கு முன்னாடி நான் லாரியில எடுபிடி, கெலிண்டான். டிரைவருக்குப் பக்கத்துல உக்காந்து போவேன். இதே மாதிரி லைட் எரிஞ்சிச்சு. மொதலாளி ஓட்டச் சொன்னாரு. மேட்டுல ராடு வெளிய வந்து, ஆயில் எக்ஸாஸ்ட்ல அடிச்சு, குப்புன்னு தீ. நான் குதிச்சிட்டேன். டிரைவர் மாட்டிக்கிட்டாரு. கையப் புடிச்சு இழுத்தேன் ரஹீம். தோலுதான் வந்துச்சு."

பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "இன்னொரு ஆளு என் பட்டறையிலேர்ந்து அப்படிப் போகக் கூடாது."

அந்த லாரியை முதலாளி வேறு பட்டறைக்கு இழுத்துச் சென்றார். அங்கிருந்த மெக்கானிக் எஞ்ஜினைப் பிரித்து, அண்ணனுக்குப் படம் அனுப்பியிருந்தார். பேரிங் கிழிந்து சுருண்டிருந்தது. ராடின் போல்ட் ஒன்று பாதி அறுந்திருந்தது. அண்ணன் அதைப் பார்த்துவிட்டுப் போனைக் குப்புற வைத்தார்.  வழக்கில் அடித்தவர்கள் சிறைக்குப் போனார்கள், முதலாளி போகவில்லை. எனக்கு வேலை போயிற்று. வேறு வேலை கிடைக்கும்வரை தெரேசா அக்கா தினமும் என் வீட்டுக்கும் சேர்த்துச் சமைத்தார்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் மழை தூறியது. கழுத்தில் துணி கட்டிக் கையைத் தொங்கவிட்டிருந்த ஒரு மலாய்க்காரர் ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தார். பாலத்தருகே பழுதாகி நின்ற லாரியின் ஓட்டுநர் அவர். அவர் மலாயில் சொன்னதை நான் அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். இருவரும் எஞ்ஜினைப் பார்க்கக் குனிந்திருக்கிறார்கள். கார் தடம் மாறி வருவதை அண்ணன்தான் முதலில் கண்டிருக்கிறார். எச்சரிக்க நேரமில்லை. இரண்டு கையாலும் இந்த ஓட்டுநரைச் சாலைத் தடுப்புக்கு அப்பால் தள்ளியிருக்கிறார். விழுந்த வேகத்தில் அவருக்குத் தோள் முறிந்தது. எழுந்து பார்த்தபோது அண்ணன் அங்கே இல்லை.

அக்கா கையில் அள்ளியிருந்த ஈர மண்ணோடு பெட்டியருகே போனார். மண்ணைப் போடவில்லை. உள்ளங்கையால் பெட்டியின் மூடியை ஓங்கி அறைந்தார்.

"அவனத் தள்ளத் தெரிஞ்சிச்சே. ஒங்களுக்கு ஒதுங்கத் தெரியலயா?"

மறுபடியும் அறைந்தார். யாரும் தடுக்கவில்லை. பெட்டி கயிற்றில் இறங்கியபோது, வெள்ளை மூடியின்மேல் செம்மண்ணில் அவர் கை பதிந்திருந்தது. அந்தக் கையோடு உறங்குங்கள், அண்ணே.