முந்திரிப் பால் பட்ட முகம்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்றைக்குச் சொந்தமாக மூன்று லாரி ஓடுகிறது. ஜெயங்கொண்டம் கடைத்தெருவில் நான் போனால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். யாருக்கும் பயந்து நான் தொழில் செய்ததில்லை. ஆனால் ஒரே ஒரு நாள், பாடாலூருக்குப் பக்கத்துப் புளியந்தோப்பில், பகல் முழுக்கப் பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது ஜப்பான்காரனோடு சண்டை நடந்த காலம். எனக்கு இருபது வயது. உடையார்பாளையம் பக்கம் ஒரு பண்ணையாரின் முந்திரித் தோப்பில் காவல் வேலை. சமயபுரத்துக்கு நடந்து வருவதாக வேண்டுதல் இருந்தது. கிளம்பும்போது அந்தத் தோப்பிலிருந்தே இரண்டு கை பச்சைக் கொட்டையை மடியில் கட்டிக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை. பேச்சுத்துணைக்கு ஆள் வேண்டுமே என்று பெரம்பலூர் வழியாகச் சுற்றிப் போய், அங்கிருந்து கிளம்பிய மஞ்சள் துணிக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டேன். பத்துப் பன்னிரண்டு பேர். ஒரு பெரியவர் வேப்பிலைக் குடம் எடுத்து முன்னால் நடந்தார்.

கூட்டத்தில் ரஞ்சன்குடிப் பக்கத்து அக்கா ஒருத்தி. புருசன் பட்டாளத்தில் பர்மாப் பக்கம் போனவன். ஒரு வருசமாகக் கடுதாசி இல்லை. பாதியில் விட்டுவிடாமல் ஆத்தா வாசல் வரை நடப்பதாக வேண்டியிருந்தாள்.

"நடை நின்னுட்டா அவரும் வரமாட்டாரு தம்பி" என்றாள். அதை அவள் உறுதியாக நம்பினாள்.

முதல் நாள் சாயங்காலம் அந்தப் புளியந்தோப்பில் எல்லாரும் உட்கார்ந்தபோது, "எங்க தோப்புக் கொட்டை, சாப்பிடுங்கக்கா" என்று நீட்டினேன். பச்சைக் கொட்டையைக் கத்தியால் பிளந்துதான் பருப்பெடுக்க வேண்டும். ஓட்டுப் பால் பட்டால் தோல் வெந்துவிடும். எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரியும். அவள் கடலை விளைகிற ஊர்க்காரி. நான் ஒற்றை ஆளாக வண்டி தூக்கிய கதையை அளந்துகொண்டிருந்த நேரத்தில், கடலையை உடைப்பதுபோல் பல்லால் கடித்துவிட்டாள். எரிகிறது என்று கையால் வாயைத் துடைத்து, அதே கையால் கழுத்தையும் துடைத்தாள். நான் பார்த்தேன். கவனிக்காதவன்போல் இருந்துவிட்டேன்.

விடிந்து பார்த்தால் உதட்டைச் சுற்றிலும் கழுத்திலும் நீர் கோத்த கொப்புளங்கள். உடம்பும் அனலாகக் கொதித்தது.

பெரியவர் குடத்தை இறக்கிவைத்துக் கும்பிட்டார். "ஆத்தா வந்துட்டா. இனிமே நீ எந்திரிக்கக் கூடாதும்மா. தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் இங்கயேதான்."

"நான் போவணுங்க" என்று அவள் அழுதாள். யாரும் பக்கத்தில் போகவில்லை. ஒரு கிழவர் வேப்பங்கொத்தை எட்ட நின்று வீசினார்.

முந்திரிப் பால் என்று சொன்னால், விரதத்தில் திருட்டுக் கொட்டை தின்னக் கொடுத்தவன் ஆவேன். அது போகட்டும். காய்ச்சல் எப்படி வந்தது? ஒருவேளை மெய்யாகவே அம்மையாக இருந்தால்? ஆத்தாவைப் பார்த்து முந்திரிப் பால் என்று சொன்ன வாயை ஆத்தா சும்மா விடுவாளா? எங்கள் தெருவில் அம்மையில் கண் போனவர்களை நினைத்தேன்.

அவளை விட்டுவிட்டுக் கூட்டம் மூட்டையைத் தூக்கத் தொடங்கியதும், அது அம்மை இல்லை, நான் திருடிவந்த கொட்டையின் பால் என்று சொல்லிவிட்டேன்.

பெரியவர் முகம் சிவந்தது. "ஆத்தாகிட்ட வெளயாடுறியாடா?"

மடியில் மிச்சமிருந்த ஒரு கொட்டையைப் பிளந்தேன். அதன் பாலால் என் முழங்கைக்குக் கீழே ஒரு கோடு இழுத்தேன், குறுக்கே இன்னொன்று. "சாயங்காலம் வரைக்கும் இருங்க. கோடு மேலயே கொப்புளம் வந்தா பால். வேற எங்கயாவது வந்தா ஆத்தா. நானும் இங்கயே படுத்துக்கிறேன்."

அன்றைய பகல் நகரவே இல்லை. கை எரிந்தது. எரிவது பாலா, பக்கத்திலிருக்கும் அக்காவிடமிருந்து தொற்றியதா, எனக்கே தெரியவில்லை. சட்டையை விலக்கி விலக்கி மார்பைப் பார்த்துக்கொண்டேன். ஒரு வேர்க்குரு கண்ணில் பட்டுவிட்டது. தடவித் தடவிப் பார்த்தேன்.

"பயமா இருக்கா தம்பி?" என்றாள் அக்கா.

"எனக்கா?" என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

வெயில் சாயும்போது பெரியவர் என் கையைத் தொடாமல் குனிந்து பார்த்தார். இழுத்த கோட்டின் மேலேயே கொப்புளங்கள் வரிசையாக நின்றன. கூட்டத்தில் ஒருத்தி சிரித்துவிட்டாள். "ஆத்தா எங்கடி பெருக்கல் குறி போட்டுக்கிட்டு வருவா?"

பெரியவர் சிரிக்கவில்லை. "திருட்டுப்பயலே, நீ கடைசியா நட" என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, "எந்திரிம்மா" என்றார்.

காய்ச்சலோடுதான் எழுந்தாள். சமயபுரம் வரைக்கும் நான் அவளுக்குப் பின்னால், புதிதாக ஏதாவது கிளம்புகிறதா என்று அவள் பிடரியையே பார்த்துக்கொண்டு நடந்தேன். கோபுரத்தை எல்லோரும் காட்டியபோதுகூட நான் நிமிரவில்லை. வாசலில் அவள் திரும்பி, "எதுக்குடா தம்பி என் கழுத்தையே பாக்குற, வந்துட்டோம்ல" என்றாள்.