குளியலறைக் கதவும் இறப்பர் விதை எண்ணெயும்

நானே காய்ச்சிய பசையில் மாட்டி, என் வீட்டுக் குளியலறைக்குள் ஒன்றரை மணி நேரம் இடுப்பில் கட்டிய சாரத்தோடு அடைபட்டுக் கிடந்திருக்கிறேன். அதில் முதல் முக்கால் மணி நேரம் யாரையும் கூப்பிடவே இல்லை. ஓர் இரசாயனவியல் ஆசிரியர் இதையெல்லாம் எழுதக் கூடாதுதான். ஆனால் மாத்தளை டவுனில் இந்தக் கதை தெரியாதவர்கள் இனி இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். அவர்களை மட்டும் ஏன் விட்டுவைக்க வேண்டும்?

யட்டவத்தப் பக்கம் இறப்பர் மரங்களுக்குக் கீழே விதைகள் சும்மா கிடந்து மக்கும். அவற்றை ஆட்டி எடுத்த எண்ணெயோடு, இறப்பர் பால் உறைய ஊற்றுகிற அமிலத்தையும் ஐதரசன் பரவொட்சைட்டையும் சேர்த்துப் பக்குவம் செய்து, கழுவி, பிறகு சித்திரிக் அமிலம் கலந்து சூடாக்கினால் தேன் நிறத்தில் ஒரு பல்பகுதியம், அதாவது பொலிமர், தகடாகக் கிடைக்கும். அந்தத் தகட்டை இரண்டாக வெட்டி, முனைகளைச் சேர்த்து வைத்துக் கொஞ்சம் சூடு காட்டினால் உள்ளே பிணைப்புகள் இடம்மாறி மறுபடி ஒன்றாகிவிடும். புண் ஆறுகிற மாதிரி. இந்தப் 'புண் ஆறுகிற மாதிரி'யை எட்டு மாதமாக ஆசிரியர் ஓய்வறையில் சொல்லிச் சொல்லி, நான் உள்ளே நுழைந்தாலே சிலர் டீயோடு எழுந்து போகும் நிலைக்குக் கொண்டுவந்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்குப் பாடசாலையில் நடுவர்கள் முன்னால் இதைச் செய்து காட்ட வேண்டும். மாகாணக் கண்காட்சிக்கு எங்கள் பாடசாலையிலிருந்து ஒன்றைத்தான் எடுப்பார்கள். எனக்குப் போட்டி, உயிரியல் ஆசிரியையின் மண்புழு உரம். எட்டு மாதப் பேச்சுக்குப் பிறகு மண்புழுவிடம் தோற்றால், அந்த ஓய்வறையில் நான் எந்த முகத்தோடு டீ குடிப்பது?

முந்திய நாள் மிஞ்சிய கலவையைக் கொட்ட மனம் வரவில்லை. குளியலறையின் பிளாஸ்டிக் கதவோரத்தில் ஒரு வெடிப்பு இருந்தது; அதில் பூசினேன். இன்னும் மிச்சம் இருந்தது. கதவு நிலையிலும் ஒரு கீறலைத் தேடிக் கண்டுபிடித்துப் பூசினேன். மனைவி தலைமுடி உலர்த்துகிற மெஷினால் இரண்டுக்கும் சூடு காட்டினேன்.

காலை பதினொரு மணிக்குக் குளிக்கப் போனபோது கதவு தடித்துப்போயிருந்தது. தோளால் முட்டிச் சாத்தினேன். குளித்த பிறகு கண்ணாடி முன் நின்று, நடுவர்களுக்கான பேச்சை மூன்று தரம் ஒத்திகை பார்த்தேன். மேலே தகரக் கூரை. வெளியே நல்ல வெயில். பேச்சு முடிந்து கைபிடியை இழுத்தேன். கைபிடி மட்டும் வந்தது.

கூரைச் சூட்டில் என் பசை, கதவுக்கும் நிலைக்கும் நடுவே இருந்த இடைவெளியை ஒரு புண் என்று எடுத்துக்கொண்டு ஆற்றிவிட்டிருந்தது. எட்டு மாதத்தில் என் பல்பகுதியம் முழுசாக வேலை செய்த முதல் சந்தர்ப்பம். பார்க்கத்தான் ஒரு நடுவரும் இல்லை.

மனைவி சந்தைக்குப் போயிருந்தாள். போன் கட்டிலில் கிடந்தது. காற்றுக்கு விட்ட துவாரம் வழியே பார்த்தால் பக்கத்து ஹாட்வெயார் கடையின் பின்வளவு தெரியும். டவுனே நானா என்று கூப்பிடுகிற அந்தக் கடைக்காரர் அங்கே குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு குரல் கொடுத்தால் போதும். ஆனால் நான் இந்த வேலையைத் தொடங்கிய காலத்தில், "எதுக்கு சேர் இந்தப் பாடு? ஒரு டியூப் கம் வாங்கிட்டுப் போங்களேன்" என்று அவர் சொல்லியிருந்தார். அதற்கு நான் அரை மணி நேரம் விளக்கம் கொடுத்திருந்தேன். அந்த அரை மணி நேரம்தான் இப்போது வாயை அடைத்தது. வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். எழுந்து தள்ளினேன். மறுபடி உட்கார்ந்தேன். சுவரில் எத்தனை ஓடு என்று எண்ணி, பாதி ஓடுகளை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்று யோசித்தேன்.

பள்ளிவாசலில் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. நானாவும் போய்விட்டால் யாரும் இல்லை. மானத்தை விட்டுக் கூப்பிட்டேன்.

"எங்க சேர் இருக்கீங்க?"

"உள்ளுக்கு நானா. கதவு தெறக்க ஏலாம இருக்கு."

அவர் வந்து வெளியிலிருந்து கதவோரத்தைத் தடவிப் பார்ப்பது கேட்டது. "சேர், இது இன்னும் காயல்லயே."

"அது காயிற சாமான் இல்ல நானா. பிணைப்பெல்லாம் இடம்மாறி..."

"சரி சேர், சரி. தொழுதுட்டு உளியோட ஓடி வாறேன். எங்கயும் போயிராதீங்க."

பன்னிரண்டரை தாண்டி மனைவி வந்தாள். நான் கதவுக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் சொல்லி, வர ஏலாது என்று பாடசாலைக்குப் போனில் ஒரு கோல் எடுக்கச் சொன்னேன். அவள் வெடிப்பில் விரலை வைத்து எடுத்துப் பார்த்தாள் போலிருக்கிறது.

"பலாக்கா பால் மாதிரித்தான் இருக்குங்க. இதுக்கு ஏன் கோலு?"

தேங்காய் எண்ணெய்ப் போத்தலை எடுத்து வந்து இடுக்கு நெடுக ஊற்றினாள். மரக்கறி வெட்டும் கத்தியை எண்ணெயில் தோய்த்து மேலிருந்து கீழே இழுத்தாள். உள்ளேயிருந்து நான் விரல்களால் வழித்தேன். கால் மணி நேரத்தில் கதவு ஒரு நீண்ட சத்தத்தோடு விட்டது. உளியோடு வந்த நானா வாசலில் நின்று என் சாரத்தையும் கையிலிருந்த கைபிடியையும் பார்த்தார்.

ஓட்டோ பிடித்து இரண்டு மணிக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தேன். பேச்சு நன்றாக வந்தது. தகட்டை பிளேட்டால் இரண்டாக வெட்டி, முனைகளை விரலால் அழுத்தி, சூடு காட்டி, ஐந்து நிமிடம் காத்திருந்து தூக்கினேன். ஒரு பாதி என்னோடு வந்தது. மறு பாதி மேசையில் கிடந்தது. மறுபடி வெட்டி மறுபடி அழுத்தினேன். மூன்றாம் தரம்தான் என் விரல்களில் தேங்காய் எண்ணெய் மணப்பதை உணர்ந்தேன். அவசரத்தில் சோப்புப் போடாமல் வந்திருந்தேன். வெட்டிய முனைகளிலெல்லாம் நானே எண்ணெய் தடவியிருக்கிறேன். அதற்குள் நடுவர்கள் மண்புழுப் பெட்டியைச் சுற்றி நின்றார்கள்.

பின்னேரம் வீட்டு வாசலில் நானா பிடித்துக்கொண்டார். மண்புழுதான் போகிறது என்றேன். என் கையில் இரண்டு துண்டாகத் இருந்த தகட்டைப் பார்த்தார்.

"அந்தக் கதவக் கழட்டிட்டுப் போயிருக்கலாந்தானே சேர்."