ஆள் மாறும் நிமிடம்

பிறந்த ஆண்டு: 1961. படிப்பு: எட்டாம் வகுப்பு. பணியில் சேர்ந்த நாள்: 6 ஜூன் 1994, பல்கலைக்கழகப் பெரிய விரிவுரைக் கூடத்தின் உதவியாளராக. கோடைக்கால ஆய்வு மாநாடுகளுக்கும் குறுகிய காலப் பயிலரங்குகளுக்கும் நேரக் காப்பாளராக இருந்த காலம்: 1997 முதல் 2019 வரை. ஆய்வாளர்கள் இட்ட பெயர்: சிவப்பட்டை. ஓய்வுபெற்ற நாளில் அலுவலகத்தில் ஒப்படைத்தவை: மேசை மணி ஒன்று, அட்டைகள் மூன்று, ஏடுகள் இருபத்துமூன்று.

இக்குறிப்பு அந்த ஏடுகளையும், கூடத்தின் வாசலில் தேநீர் மேசை நடத்திய அவருடைய மனைவி சொன்னவற்றையும், 2016ஆம் ஆண்டுப் பயிலரங்கில் பேசிய ஒருவரின் கடிதத்தையும், அந்தப் பேச்சின் ஒலிப்பதிவையும் ஆதாரமாகக் கொண்டது.

ஏடுகளைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கோடைக்கும் ஒன்று. ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு வரி. ஒதுக்கிய நேரம், எடுத்துக்கொண்ட நேரம், மணி அடித்த தடவை, கொண்டுவந்த படங்கள், காட்டிய படங்கள் எனப் பத்திகள். பேச்சாளர்கள் ஸ்லைடு என்று சொன்னதை அவர் படம் என்றே எழுதினார். கடைசி இரண்டு பத்திகளை யாரும் கேட்கவில்லை, அவராகவே சேர்த்துக்கொண்டார். படங்களை மாற்றும் இயந்திரமும் அவர் கையில் இருந்ததால், யார் எந்தப் படத்தோடு மேடையை விட்டு இறங்கினார் என்பது அவருக்கு மட்டுமே துல்லியமாகத் தெரிந்திருந்தது. 2003ஆம் ஆண்டு ஒரு பேராசிரியர் அறுபத்துநான்கு படங்கள் கொண்டுவந்து பத்தொன்பது காட்டியிருக்கிறார். மணி அடித்த தடவை: 4. அதே பேராசிரியர் மறு ஆண்டு எழுபத்தொரு படங்களோடு வந்திருக்கிறார்.

அவருக்குத் திக்குவாய். பணிக்கான நேர்காணலில் தம் பெயரைச் சொல்வதற்கே அரை நிமிடம் ஆனது என்று மனைவி சொல்கிறார். எதிரே அமர்ந்திருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பேச வேண்டிய அவசியமே இல்லாத வேலை ஒண்ணு இருக்கு, பார்க்கிறீங்களா?" என்று கேட்டாராம். மூன்றாண்டுகளுக்குப் பிறகு கோடைப் பயிலரங்குகள் தொடங்கியபோது நேரக் காப்பும் அவரிடமே வந்து சேர்ந்தது. ஐந்து நிமிடம் மீதமிருந்தால் பச்சை அட்டை, ஒரு நிமிடம் இருந்தால் மஞ்சள், முடிந்தால் சிவப்பு அட்டை. சிவப்பையும் மதிக்காதவர்களுக்கு மணி. வாய் திறக்காமலேயே பெரிய பெரிய அறிஞர்களின் வாயை மூடவைக்கும் பணி அது.

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சொல்லுவாங்க" என்று மனைவி சிரித்தார். "எங்க வீட்டுல வாய் என்கிட்ட, பிழைப்பு அவர்கிட்ட."

மனைவியிடம் பேசும்போது மட்டும் அவருக்குச் சொற்கள் அவ்வளவாகத் தடுக்குவதில்லை. காரணம் கேட்டதற்கு, "நான் பேச விட்டாத்தானே திக்கறதுக்கு" என்றார் அந்த அம்மா.

இனி 2016, ஜூன் 16, வியாழக்கிழமை.

அந்த வாரப் பயிலரங்கு மண்ணையும் வேர்களையும் பற்றியது. திங்கள் முதல் வியாழன் வரை வகுப்பும் ஆய்வகமும். வெள்ளிக்கிழமை காலையில் பங்கேற்றோரில் பத்துப் பேர் தத்தம் ஆய்வைப் பற்றிப் பேச வேண்டும். வியாழன் பிற்பகல் இரண்டு மணிக்கு எல்லோரும் ஆய்வகத்தில் இருந்தபோது, ஒரு பெண் வெறுமையாக இருந்த கூடத்துக்குள் எட்டிப் பார்த்தார். வயது இருபத்தாறு. உப்பேறிய மண்ணில் பக்கவேர்கள் எந்தத் திசையில் திரும்புகின்றன என்பது அவருடைய ஆய்வு. பட்டியலில் பத்தாவது பேச்சு, அதாவது கடைசி.

"அண்ணா, ஒரு தடவை பே... பேசிப் பார்த்துக்கலாமா?"

அவர் தலையசைத்து விளக்கைப் போட்டார். பழக்க தோஷம், கடிகாரத்தையும் எடுத்து வைத்துக்கொண்டார்.

அந்தப் பெண் தொடங்கினார். பெரும்பாலான சொற்கள் தடையின்றி வந்தன. பகரத்தில் தொடங்கும் சொற்கள் மட்டும் எளிதில் வரவில்லை. அதிலும் பக்கவேர் என்ற சொல் உதட்டிலேயே ஒட்டிக்கொண்டது. ஆய்வு முழுவதும் அதைப் பற்றியதாகையால் அச்சொல் இருபத்தாறு முறை வந்தது. பேச்சு முடிந்தபோது கடிகாரம் பதினெட்டு நிமிடம் பத்து நொடி காட்டியது. ஒதுக்கிய நேரம் பன்னிரண்டு நிமிடம்.

"எவ்வளவு ஆச்சு அண்ணா?"

அவர் சொல்ல முயன்றார். "ப... ப... ப..."

அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியது. "கிண்டல் ப... பண்றீங்களா?"

அவர் பதறிப்போய்க் கையை ஆட்டினார். மறுபடி முயன்றார். அதே எழுத்து, அதே முட்டுக்கட்டை. கண்கள் இறுக மூடின; தாடை நடுங்கியது; வலக்கை தொடையை மெல்லத் தட்டியது. அந்தப் பெண் அதற்குள் தாள்களை அள்ளிக்கொண்டு படியில் கால் வைத்திருந்தார். கடிதத்தில் அவர் எழுதியிருப்பது: "கோபத்தில் திரும்பிப் பார்த்தேன். அவர் கை தொடையைத் தட்டியது. நானும் அப்படித்தான் தட்டுவேன். குரலைப் போலச் செய்து காட்டலாம். கையை யாரும் போலச் செய்வதில்லை, ஏனென்றால் யாரும் அதைக் கவனிப்பதில்லை."

"பதினெட்டு" என்று அவர் ஒருவழியாகச் சொல்லி முடித்தபோது, அந்தப் பெண் முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்கும் ப-வா?"

"ப, த, க. உனக்கு ஒண்ணுதானே. கொ... கொடுத்து வெச்சவ."

இருவரும் சிரித்தார்கள். கூடத்தில் வேறு யாரும் இல்லாததால் நன்றாகவே சிரித்தார்கள்.

"வேற சொல் போ... போட்டுக்கயேம்மா."

"அதுக்கு வேற பே... பேரு இல்லை அண்ணா. எங்க கைடு கூடத் தேடிப் பார்த்தாங்க. போன வருஷம் வேற ஊர்ல ஒரு மாநாடு. ஏழாவது ஸ்லைடுல நிக்கிறேன், பெல் அடிச்சுட்டாங்க. எனக்கு மொத்தமே ஒன்பது ஸ்லைடு. கண்டுபிடிச்சதே ஒன்பதாவதுலதான் இருக்கு. நன்றின்னு மட்டும் சொல்லிட்டு இறங்கினேன். மூணு வருஷ வேலை." சற்று நிறுத்தி, "நாளைக்கும் அப்படி ஆச்சுன்னா, இனிமே நான் மேடை ஏறவே மாட்டேன். ஆய்வகத்தோட இருந்துக்குவேன். நீங்க பெ... பெல் அடிச்சிடுவீங்களா?" என்று கேட்டார்.

அவர் மேசை மேலிருந்த மணியைப் பார்த்தார். பத்தொன்பது கோடைகளில் யாருக்கும் அவர் ஒரு நிமிடமும் கூட்டிக் கொடுத்ததில்லை என்பதை ஏடுகளே காட்டுகின்றன. ஒருவருக்குக் கொடுக்கும் நிமிடம் இன்னொருவரிடமிருந்து எடுத்ததாகவே இருக்கும் என்பது அவருடைய கணக்கு.

வெள்ளிக்கிழமைக்கான நிகழ்ச்சி நிரல் இது: தொடக்கம் காலை 9.30. ஒவ்வொருவருக்கும் பேச்சு பன்னிரண்டு நிமிடம், கேள்விகள் மூன்று நிமிடம். ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால் ஒரு நிமிடம், ஆள் மாறுவதற்கு. அதில்தான் மைக்கைக் கழற்றி மாட்டுவார். படக்கோப்பைத் தேடித் திறப்பார். தண்ணீர்க் குவளையை மாற்றுவார். ஐந்து பேச்சுக்குப் பின் இருபது நிமிடம் தேநீர். முடிவு 12.30. நிரலின் ஏழாம் விதி: "மிச்சப்படும் நேரத்தை அமர்வுத் தலைவர் தம் விருப்பப்படி பயன்படுத்தலாம்." ஏடுகளைப் பார்த்த அளவில், அதுவரை எந்த அமர்விலும் நேரம் மிச்சப்பட்டதில்லை.

அன்று மாலை வீட்டில் அவர் மனைவியிடம் சொன்னது ஒரே வாக்கியம். "நாளைக்கு டீ மூணு நிமிஷம் முன்னாடி ரெடியா இருக்கணும். இருபதாவது நிமிஷம் யார் கையிலயும் கப் இருக்கக் கூடாது."

"ஏங்க, மூணு நிமிஷத்துல எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போறீங்க?"

அவர் சொல்லவில்லை. "சொல்லியிருந்தா நான் ஊரெல்லாம் சொல்லியிருப்பேன்" என்று மனைவியே ஒப்புக்கொள்கிறார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே கூடத்தைத் திறந்தார். பக்கத்துக் கூடத்திலிருந்து கையெழுத்துப் போட்டு இன்னொரு சட்டை மைக் வாங்கி வந்தார். பத்துப் பேரின் படக்கோப்புகளையும் ஒரே இயந்திரத்தில் வரிசையாகத் திறந்து வைத்தார். மேடையின் இடப்பக்கப் படிக்கருகே ஒரு நாற்காலி போட்டு, 'அடுத்தவர்' என்று தாளில் எழுதி ஒட்டினார். பத்துக் குவளைகளில் தண்ணீர் நிரப்பி மேசையின் அடித்தட்டில் அடுக்கினார். ஒருவர் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடுத்தவர் நாற்காலியில் மைக்கோடு தயாராக இருப்பார். இவர் வலப்பக்கம் இறங்கும்போது அவர் இடப்பக்கம் ஏறுவார்.

முதல் பேச்சுக்கு ஆள் ஏற இருபத்திரண்டு நொடி ஆனது. இரண்டாவதற்கு இருபது. நான்காவதாக ஏறியவர் பின்வரிசை நண்பரைப் பார்த்து, "கிளம்புற பஸ்ல ஆளை ஏத்துற மாதிரி ஏத்துறாரு" என்று மைக் இயங்குவது தெரியாமல் சொல்லிவிட்டார். கூடமே சிரித்தது. அவர் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்புக்கு நான்கு நொடி போயிற்று.

ஒன்பது பேருக்கும் முழுப் பன்னிரண்டு நிமிடம் கிடைத்தது. பன்னிரண்டுக்கு மேல் ஒரு நொடியும் கிடைக்கவில்லை. கேள்விகளுக்கும் முழு மூன்று நிமிடம். யாருடைய பங்கிலும் அவர் கைவைக்கவில்லை. தேநீர் வேளையில் மட்டும் சிறிது சலசலப்பு. இரண்டு பேராசிரியர்கள் தூணில் சாய்ந்து நின்று வேர்ப்பூஞ்சை பற்றி வாதிட்டுக்கொண்டிருக்க, மனைவி தட்டை நீட்டினார்.

"கப்பைக் குடுங்க சார், கழுவணும்."

"இன்னும் பாதி இருக்கேம்மா."

"பாதி ஆறிப் போச்சு சார். ஆறின டீயும் ஆறாத சண்டையும் உடம்புக்கு ஆகாது. உள்ள போங்க."

ஒன்பதாவது பேச்சுக்கான கேள்விகள் முடியும் தறுவாயில், அவர் ஒரு துண்டுத்தாளை அமர்வுத் தலைவரின் முன் வைத்தார். தலைவர் ஒரு மூத்த பேராசிரியை. நேர ஒழுங்கில் சிவப்பட்டைக்கே அக்கா என்று பெயர் பெற்றவர். தாளில் எழுதியிருந்தது: "மிச்சம் 6 நிமிடம் 20 நொடி. விதி 7. கடைசிப் பேச்சுக்கு 18 தரலாமா?"

பேராசிரியை தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், நிரலைப் பார்த்தார், பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார். "இது யாரோட நேரம்? யார்கிட்ட இருந்து எடுத்தீங்க?"

அவர் வாய் திறந்தார், சொல் வரவில்லை. தாளை வாங்கி அடியில் எழுதினார்: "ஆள் மாறும் நேரம். அது என்னுடையது."

பேராசிரியை அதை இரண்டு முறை படித்தார். 'அடுத்தவர்' நாற்காலியில் கைகளைக் கோத்தபடி அமர்ந்திருந்த பெண்ணையும் ஒருமுறை பார்த்தார்.

"மணியை மேசைக்குக் கீழ வெச்சிடுங்க. பத்தொன்பது ஆச்சுன்னா நானே மேசையைத் தட்டுவேன்."

அந்தப் பெண்ணிடம் இதைச் சொல்ல அவகாசம் இருக்கவில்லை. அவர் மேடையேறிப் பேசத் தொடங்கினார். ஏழு நிமிடம் ஆனபோது பச்சை அட்டை எழவில்லை. பதினொன்றில் மஞ்சளும் எழவில்லை. பன்னிரண்டு நிமிடம் ஆனபோது அந்தப் பெண் ஐந்தாவது படத்தில் நின்றுகொண்டிருந்தார். பக்கவேர் என்ற சொல் உதட்டில் சிக்கியிருந்தது. கண் தானாக நேரக் காப்பாளர் பக்கம் போயிற்று. சிவப்பை எதிர்பார்த்த பார்வை அது. முன்வரிசையில் சிலர் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அந்தச் சொல் அப்படியே பதினொரு நொடி நின்றது.

அவர் அசையவில்லை. பதின்மூன்று நிமிடம் ஆனதும் பச்சை அட்டையைத் தூக்கிப் பிடித்தார். இன்னும் ஐந்து நிமிடம்.

"அவர் தவறுதலாகக் காட்டிவிட்டார் என்று நினைத்தேன்" என்கிறது கடிதம். "மேசையைப் பார்த்தேன். மணி அங்கே இல்லை."

அதன் பிறகு அச்சொல் எளிதாக வந்தது என்று எழுத ஆசைதான். ஒலிப்பதிவு அப்படிச் சொல்லவில்லை. அது முன்போலவே சிக்கியது, சிக்கியபோது அந்தப் பெண் காத்திருந்தார், கூடமும் காத்திருந்தது. ஒருமுறை பின்வரிசையிலிருந்து யாரோ அந்தச் சொல்லை எடுத்துக்கொடுக்க முனைந்ததும், பேராசிரியை திரும்பிப் பார்த்த பார்வையில் அந்தக் குரல் அடங்கியதும்கூட ஒலிப்பதிவில் ஊகிக்கும்படி இருக்கின்றன.

கேள்விகள் முடிந்ததும் அந்தப் பெண் நேராக அவரிடம் வந்தார். "ந... நன்றி அண்ணா" என்றார். ந என்ற எழுத்தில் அவருக்குத் திக்குவதில்லை என்பதால், அது வேறு காரணத்தால் வந்த தடை. அவர் பதிலுக்கு வாசல் பக்கம் கை காட்டினார். அங்கே மனைவி ஒரு கோப்பையைத் தட்டால் மூடி வைத்திருந்தார்.

"குடிம்மா. காலையில எல்லார் வாயிலேர்ந்தும் கப்பைப் பிடுங்கினேன். உனக்காகன்னு இவர் முன்னாடியே சொல்லியிருந்தா, இன்னும் நல்லாவே பிடுங்கியிருப்பேன்."

ஏட்டில் அந்தப் பேச்சுக்கான வரி, அவர் கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இன்றி இருக்கிறது:

17.6.2016. பேச்சு எண் 10. ஒதுக்கிய நேரம்: 12 + மிச்சம் 6. தொடக்கம்: 12.08.40. முடிவு: 12.26.32. அமர்வு முடிவு: 12.30. மணி: 0. கொண்டுவந்த படங்கள்: 9. காட்டிய படங்கள்: 9.