படிவம் கேட்ட முழுப்பேர்

ஒரு ரப்பர் ஸ்டாம்ப் ஒரு மனுஷனை எவ்வளவு களைப்பாக்கும் தெரியுமா?

தெரியாதென்றால் நீங்கள் சமாதான நீதவான் இல்லை. நான் ஜேபி. ரிட்டயர் ஆன வாத்தியாருக்குக் கடைசியாகக் கிடைக்கிற பதவி. சம்பளம் கிடையாது. லீவும் கிடையாது. கல்யாண வீட்டுப் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்த பிறகும், "சேர், ஒரே ஒரு சைன்..." என்று யாராவது பின்னால் வந்து நிற்பார்கள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. ஸ்டாம்ப் பையிலேயே கிடக்கட்டும், இன்றைக்கு என் சொந்த வேலை என்று டவுன் லைப்ரரிக்குப் போனேன். ஹட்டனில் மழை. வேறென்ன பெய்யும்?

விஷயம் இதுதான். பேங்கில் கொஞ்சம் டெபாசிட் போட்டிருக்கிறேன். வட்டியில் வருமான வரி பிடிக்கிறார்கள். குறைந்த வருமானக்காரர் என்றால் பிடிக்கத் தேவையில்லை — ஆனால் அதை நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுக்க டின் நம்பர் வேண்டும். டின் நம்பர் என்றால் வரி கட்டுகிறவருக்கான நம்பர். ஆக, எனக்கு வரி இல்லை என்று சொல்வதற்கு, நான் வரிக்காரன் என்று முதலில் பதிய வேண்டும். புரிகிறதா? எனக்கும் புரியவில்லை. அதனால்தான் போனேன்.

லைப்ரரியில் பேப்பர் வாசிக்கிற மேசைக்குப் பக்கத்தில் நஸீரா மிஸ் உட்கார்ந்திருந்தார். காமர்ஸ் டீச்சர். சனிக்கிழமைகளில் சொந்த லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, ஆட்களின் வரிப் படிவங்களை நிரப்பிக் கொடுக்கிறார். இலவசம் என்று சுவரில் ஒட்டியிருக்கிறது. அப்படியும் வருகிற எல்லாரும், "எவ்வளவு மிஸ்?" என்றுதான் கேட்கிறார்களாம். சும்மா கிடைக்கிற எதன் மேலும் நமக்கு ஒரு சந்தேகம்!

எனக்கு முன்னால் ஒரு அம்மா. வயது ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். மடியில் ஒரு பொலிதீன் பை, அதற்குள் ஒரு பை, அதற்குள் இன்னொன்று. கடைசிப் பையில் பேங்க் புக். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். காலை முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். இந்த ஒரு வேலைக்காக இது மூன்றாவது தடவை.

முதல் தடவை நஸீரா மிஸ் டின் நம்பர் எடுத்துக் கொடுத்துவிட்டார். அதைக் கொண்டுபோய் இரண்டாவது தடவை பேங்கில் நீட்டினால், "இது வேற ஆளும்மா" என்றுவிட்டார்கள்.

ஐடியில் முத்துலெட்சுமி. பேங்க் புக்கில் முத்துலக்ஷ்மி. இங்கிலீஷ் எழுத்தில் பார்த்தால் இரண்டும் தூரத்துச் சொந்தம்கூட இல்லை.

"ஈபிஎப் காசு இந்தப் பேர்லதான் வந்துச்சு சேர். அப்படியே பேங்க்ல போட்டுட்டேன்" என்றார் என்னைத் திரும்பிப் பார்த்து. "அந்த வட்டியிலதான் மக கண்டியில படிக்குது. போர்டிங் வாடகை அதுதான். இப்ப வரி புடிக்கிறதுல பத்தாமப் போகுது. இந்த மாசக் கடைசிக்குள்ள முழுசா கட்டலன்னா, கட்டிலை வேற பிள்ளைக்குக் குடுத்துருவேன்னு போர்டிங்காரம்மா சொல்லிட்டாங்க."

மகளுக்கு ஒரு கட்டில். அவ்வளவுதான் விஷயம். அதற்கு இத்தனை பொலிதீன் பை.

"ஒரு சத்தியக்கடதாசி இருந்தாப் போதும்" என்றார் நஸீரா மிஸ். "ரெண்டு பேரும் ஒரே ஆள்தான்னு எழுதி, ஜேபி ஒருத்தர்ட்ட சைன் வாங்கணும்..." சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

நான் கூரையைப் பார்த்தேன்.

கூரையை எவ்வளவு நேரம் பார்க்க முடியும்? பையைத் திறந்தேன். ஸ்டாம்ப் மேலேயே கிடந்தது, சனியன்!

நஸீரா மிஸ் டைப் பண்ண ஆரம்பித்தார். "உங்கட முழுப்பேரை ஒருக்கா சொல்லுங்கம்மா."

அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "முழுப்பேர்தாங்க மிஸ். என்னைக்கும் முழுப்பேர்தான். எனக்கு அரைப்பேர் போட்டதே கெடையாது. வேணும்னா எங்க கணக்கப்புள்ளையக் கேட்டுப் பாருங்க!"

நஸீரா மிஸ் முழித்தார். அவர் டவுன் ஆள். நான் தோட்டத்து லயத்தில் பிறந்தவன், எனக்கு விளங்கியது. தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். சொன்ன கிலோ கொழுந்து எடுத்தால் கணக்கப்புள்ளை முழுப்பேர் போடுவார். குறைந்தால் அரைப்பேர். வேலைக்குப் போகாவிட்டால் பேரே இல்லை. சம்பளத்தைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று அந்த அம்மா நினைத்துக்கொண்டார், பாவம். வருமான வரி விஷயமாச்சே, வேறென்ன கேட்பார்கள்?

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அவர் பெருமையாகச் சொன்ன விஷயம் அது.

முகத்தை மாற்றிக்கொண்டு, "யாரும்மா இப்படி லெட்சுமியை லக்ஷ்மி ஆக்குனது?" என்று கேட்டேன்.

"யாருன்னு தெரியல சேர். ஆபீஸ்ல யாரோ எழுதுனாங்க. படிச்சவங்க எழுதுனா சரியாத்தானே இருக்கும்னு விட்டுட்டேன்."

அந்தக் கிளார்க்கரைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். திட்டு வரவில்லை. முதலாம் வகுப்பு அட்மிஷன் புத்தகத்தில் நான் எத்தனை லெட்சுமிகளை லக்ஷ்மி ஆக்கியிருப்பேன்? எத்தனை ராசுவை ராஜு ஆக்கியிருப்பேன்? திருத்துகிறேன் என்ற நினைப்பு! சிவப்பு மையில் அழகாக எழுதுவேன் வேறு. அந்தப் பிள்ளைகள் இன்றைக்கு எந்தெந்த கவுன்டரில், எத்தனையாவது தடவையாக நிற்கிறார்களோ... வெட்கமாக இருந்தது. சத்தியமாக வெட்கமாக இருந்தது.

பிரின்ட் வந்தது. வாசித்துக் காட்டினேன். தலையை ஆட்டினார். பேனாவை வாங்கி, எழுத்தெழுத்தாகக் கையெழுத்துப் போட்டார்.

முத்துலெச்சிமி.

போச்சுடா! மூன்றாவது ஆளும் வந்தாச்சு. நஸீரா மிஸ் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பிறகு லேப்டாப்பைத் திறந்து, "இந்த மூவரும் ஒருவரே" என்று மாற்றி எழுத ஆரம்பித்தார். இலவச வேலையில் இவ்வளவு பொறுமை எங்கிருந்து வருகிறதோ, எனக்குத் தெரியாது.

"இதுல எதும்மா உண்மையான பேர்?" என்று கேட்டேன்.

"எப்படி வேணும்னாலும் எழுதிக்கங்க சேர். லெட்சுமியோ, லக்ஷ்மியோ... எனக்கு ஒண்ணும் இல்ல. பேர் போடாம மட்டும் விட்றாதீங்க."

புதுப் பிரின்ட்டில் அவர் கையெழுத்துப் போட்டதும் ஸ்டாம்பைக் குத்தினேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ காகிதத்தில் குத்தியிருக்கிறேன். இவ்வளவு அழுத்திக் குத்தியதில்லை.

எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தோம். சனிக்கிழமை பேங்க் பூட்டு.

"அப்ப திங்கக்கிழமை திரும்ப வரணுமா?" என்றார் அந்த அம்மா. குரல் இறங்கிவிட்டது.

"நான் கொண்டுபோய்க் குடுத்துர்றேன்" என்றேன். "கணக்குக்காரர் நேர்ல வரணும் சேர்" என்றார் நஸீரா மிஸ். அதுவும் சரிதான். மூன்று பேர் உள்ள ஒரு ஆளை நேரில் பார்க்காமல் எப்படி நம்புவார்கள்?

திங்கட்கிழமை நானும் போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. லக்ஷ்மி ஆக்கிய பாவம் கொஞ்சமாவது குறையட்டும் என்றுதான். முழங்கால் வலியோடு பேங்க் படியேறி, வரிசையில் நின்று, கவுன்டருக்குப் போனோம். உள்ளே இருந்தவர் காகிதத்தைப் பார்த்தார். அந்த அம்மாவைப் பார்த்தார். ஐடியைப் பார்த்தார், ஸ்டாம்பைப் பார்த்தார். கடைசியில், "சரிம்மா. இந்த மாச வட்டியிலருந்து வரி புடிக்க மாட்டோம்" என்றார்.

வெளியே வந்ததும், முதல் வேலையாக மகளுக்குப் போன். ரோட்டில் போகிற பஸ்ஸுக்கும் கேட்கிற மாதிரிச் சத்தம்.

"ஆங்... முடிஞ்சிருச்சு! கட்டிலை யாருக்கும் குடுக்க வேணாம்னு சொல்லு. அம்மா கட்டிருவேன்னு சொல்லு!"

போனை வைத்துவிட்டு என்னைக் கும்பிட்டார். எனக்குக் கைகூப்பத் தோன்றவில்லை. "பாத்துப் போங்கம்மா" என்று மட்டும் சொன்னேன். பொகவந்தலாவை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது அவருக்கு. மூன்று பைகளையும் மடியில் அடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

நான் போன வேலை? என் படிவம் அப்படியே இருக்கிறது. என் வட்டியில் இந்த மாதமும் வரி பிடித்துவிட்டார்கள். பரவாயில்லை, பிடிக்கட்டும்.

பேரைச் சரிபண்ண அந்த அம்மா நாலு நாள் ஹட்டனுக்கு வந்தார். அந்த நாலு நாளும் தோட்டத்தில் அவருக்குப் பேர் இல்லை.