மணலுக்குத் தண்ணீர் கட்டியவர்

என் மாமனார் பாலுசாமிக்குச் சும்மா கிடக்கிற நிலத்தைக் கண்டால் ஆகாது. பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியே தரிசு தெரிந்தால் "ஐயோ பாவம்" என்று வாய்விட்டுச் சொல்வார். யாருக்கு என்ன ஆயிற்றோ என்று முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். காரமடைக்குப் பக்கத்தில் அவருக்கு இருந்த நாலு ஏக்கர் இரண்டு வருஷத்துக்கு முன் கைவிட்டுப் போனது. அன்றிலிருந்து பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து உள்ளங்கையைத் தடவிக்கொண்டிருக்கிறார். காய்ப்பு உரிந்து கை மெத்தென்று ஆகிவிட்டதாம். அதை ஒரு பெரிய வியாதி மாதிரிச் சொல்வார். வயது எழுபத்தாறு.

என் கணவர் மதன்குமாருக்கு மோட்டார் பம்ப் பட்டறை. ஓய்வெடுக்கவே தெரியாத மனிதர், ஓய்வெடுப்பதற்கென்று பொன்னானிக்குத் தெற்கே கடலோரத்தில் ஒரு ஓட்டு வீடு வாங்கினார். பின்னால் எட்டு சென்ட் வெறும் மணல். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் ஆறு கடலில் சேருமிடம். அங்கே பறவை பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். போகப் போக நானும் பைனாகுலரும் கையுமாக ஆகிவிட்டேன்.

மத்தியானத்தில் அங்கே எல்லாமே மிதக்கும். ஆலாப் பறவைகள் வெயிலில் கரைந்து காணாமல் போய், கொஞ்சம் தள்ளி மறுபடி தெரியும். கடல் சத்தம் கேட்டுக்கொண்டே இருப்பதால் கேட்பதே மறந்துபோகும். பாதித் தூக்கத்தில் நடப்பது போலத்தான் அங்கே நடப்பேன். எனக்கு அது பிடிக்கும்.

இந்த ஏப்ரலில் மாமாவையும் கூட்டிப் போனோம். வந்த அன்றே மணலைச் சுற்றி நடந்து, ஒரு பிடி அள்ளிப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, ரெண்டு டெம்போ செம்மண்ணு கொட்டிப்போட்டா முருங்கை, கத்திரி எல்லாம் வருமல்ல?"

"செரிங்க மாமா," என்றேன். மதனும் "செரிங்கப்பா" என்றார். பெரியவர்களிடம் மறுப்புச் சொல்வதற்கும் எங்கள் பக்கம் இந்த ஒரு வார்த்தைதான். சொல்லிவிட்டு ஆறப்போட்டால் மறந்துவிடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை. மாமா மறக்கவில்லை. எங்கள் ஊரில் டெம்போ ஓட்டுகிற சரவணனைப் போனில் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்ணோடு வரச் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை விடிந்ததும் அந்த மணலின் நடுவில் முட்டைகளைப் பார்த்தேன். பட்டாணி உப்புக்கொத்தி. குருவியைவிடக் கொஞ்சம் பெரிசு, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். கூடென்று எதுவும் கட்டாது. மணலில் ஒரு சின்னக் குழி பறித்து, மணல் நிறத்திலேயே முட்டையிடும். மூன்று இருந்தன. நாளைக்கு அதன் மேல் இரண்டு டெம்போ மண்.

மதனிடம் ஓடினேன். "நீயே அப்பாகிட்டச் சொல்லு" என்று கடல் பக்கம் நடையைக் கட்டினார், வீரர். நான் மூன்று தடவை மாமாவிடம் போனேன்.

"என்ன கண்ணு?"

"ஒண்ணுமில்லீங்க மாமா. காப்பி வேணுங்களா?"

மூன்று காப்பி குடித்தார்.

உச்சி வெயிலில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. வெளியே வந்தால், மாமா வேட்டியை மடித்துக் கட்டி, மம்பட்டியால் மணலில் வரப்புப் போட்டு, தண்ணீர் கட்டிக்கொண்டிருக்கிறார்! கொதிக்கிற மண்ணைப் பார்க்கப் பாவமாக இருந்ததாம். தண்ணீர் முட்டைக்கு நாலடி தூரத்தில் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

"நிறுத்துங்க மாமா! மோட்டரை நிறுத்துங்க!"

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவரிடம் நான் குரல் உயர்த்தியது அன்றுதான். கத்திவிட்டு அழுதும்விட்டேன். அவர் போய் மோட்டாரை நிறுத்தினார். முட்டைகளைக் காட்டினேன். பிறகு இரண்டு பேரும் சுவர் நிழலில் போய் உட்கார்ந்தோம்.

கொஞ்ச நேரத்தில் பறவை வந்தது. தேங்கியிருந்த தண்ணீரில் வயிற்றை அமுக்கி நனைத்துக்கொண்டு, குடுகுடுவென்று ஓடிப்போய் முட்டைமேல் உட்கார்ந்தது. மறுபடி வந்தது, நனைத்தது, ஓடியது.

"ஏங்கண்ணு, அது என்ன பண்ணுது?"

"முட்டை வெயில்ல வெந்துபோகாம இருக்க நெஞ்சுல தண்ணி கொண்டுபோகுதுங்க மாமா. ஆத்துக்குப் போய்ட்டு வந்துட்டிருந்திருக்கும்."

"அத்தாந்தூரமா?"

மூன்றாவது தடவை அது வருவதற்குள் மணல் தண்ணீரை உறிஞ்சிவிட்டது. வெறும் ஈரத்தில் நின்று இப்படியும் அப்படியும் பார்த்தது. மாமா மெல்ல எழுந்தார். ஒரு பழைய தாம்பாளத்தை விளிம்புவரை மணலில் புதைத்து, குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றிவிட்டு, திரும்பாமல் பின்பக்கமாகவே நடந்து வந்து உட்கார்ந்தார். பறவை திரும்பி வரும்வரை அவர் மூச்சுவிட்டாரா என்பதே எனக்குச் சந்தேகம். இந்த மனிதரிடம் ஒரு வார்த்தை சொல்லப் பயந்தோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் அவரே சரவணனைக் கூப்பிட்டார்.

"மண்ணு வேண்டாஞ்சாமி. நெலத்துல வெள்ளாமை நிக்குது."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிளம்பினோம். மூட்டை முடிச்செல்லாம் காரில் ஏற்றியாயிற்று, மாமாவைக் காணோம். பின்பக்கம் போனேன். குடத்தோடு நின்றார். வேட்டி இன்னும் மடித்தபடியே இருந்தது.

"மாமா, நேரமாச்சுங்க. போலாங்களா?"

அவர் "செரி" என்று சொல்லவில்லை.

"நீங்க போங்க கண்ணு. குஞ்சு வெளிய வார வரைக்கும் நான் இருந்துக்கறேன். தண்ணி கட்ட ஆள் வேணுமல்ல?"