காலி லாரி

குன்னம் சாலையில் உள்ள எடைமேடையில் புவனேஸ்வரி பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள். மக்காச்சோளமோ பருத்தியோ ஏற்றிய வண்டி மேடையில் ஏறியதும் அவள் முதலில் திரையைப் பார்ப்பதில்லை. வெளியே வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றுவாள். ஒரு சக்கரம் மேடைக்கு வெளியே நிற்கலாம். காலி எடை போடும்போது இருக்கைக்குப் பின்னால் ஓர் ஆள் படுத்திருக்கலாம். இரண்டையும் அவள் பார்த்திருக்கிறாள்.

“என்னக்கா, மாடு வாங்க வந்த மாதிரி சுத்திச் சுத்திப் பாக்குற,” என்பார்கள் டிரைவர்கள்.

“மாடு பொய் சொல்லாது. நீ எறங்கு.”

கல்லூரியில் கபடி ஆடியவள். சென்னையில் ஒரு முகாமுக்குப் போய் ரக்பி கற்றுக்கொண்டு வந்தாள். இப்போது நாற்பது வயது. பெரம்பலூர் பெண்கள் அணிக்கு அவள்தான் பயிற்சியாளர். ஏழு பேர் ஆடும் அணி, எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில், எடைமேடைக்குப் பின்னால் லாரிகள் திரும்பும் பொட்டலில் பயிற்சி.

தாக்குதலுக்கென்று அவர்களிடம் ஓர் ஏற்பாடுதான் உண்டு. இரு பக்கமும் மூன்று மூன்று பேர் குனிந்து தோளோடு தோள் முட்டித் தள்ளுவார்கள். அது ஸ்க்ரம். அதற்குள்ளிருந்து பின்பக்கம் உருண்டு வரும் பந்தை ராசாத்தி எடுப்பாள். அதே கணத்தில் மஞ்சு அவள் பக்கத்தில் எதிரணியை நோக்கி நேராகப் பாய்வாள். பந்து மஞ்சுவுக்குத்தான் என்று எதிராளிகள் அவள்மேல் விழுவார்கள். ராசாத்தி பந்தை மஞ்சுவின் முதுகுக்குப் பின்னால் பூங்குழலிக்கு வீசுவாள். பூங்குழலி ஓரமாக ஓடி, கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பாள்.

தார்ப்பாய் கட்டிய காலி லாரி போலத்தான் மஞ்சு. அந்த ஏற்பாட்டுக்கே காலி லாரி என்று பெயர் வந்துவிட்டது. மூன்று வருடத்தில் ஒரு முறைகூட அதில் அவள் கைக்குப் பந்து வந்ததில்லை.

தை மாதம் அரியலூரில் ஒரு நட்பு ஆட்டம். காலி லாரியை நான்கு முறை ஓட்டினார்கள். நான்கு முறையும் அரியலூர்க்காரிகள் மஞ்சுவை விட்டுவிட்டுப் பூங்குழலியை மடக்கினார்கள். மடக்கியவர்களில் முதலாவதாக வந்தவள் மலர்க்கொடி. மஞ்சுவின் தங்கை.

மஞ்சு பிறந்த ஊர் அரியலூர். கல்யாணமாகிப் பெரம்பலூர் வந்தவள். திரும்பி வரும் பஸ்ஸில் அவள் தங்கையுடன் போனில் பேசிக்கொண்டு வந்தாள். புவனேஸ்வரி பின் இருக்கையில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் மஞ்சு குரலைத் தாழ்த்திச் சிரித்தாள்.

“என்ன பேசிக்கிட்டீங்க?” என்று இறங்கும்போது புவனேஸ்வரி கேட்டாள்.

“கொழம்பு வச்சதப் பத்திக்கா.”

“என்ன கொழம்பு?”

மஞ்சு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “கருவாட்டுக் கொழம்பு. கொண்டாரட்டா?”

அரியலூர் அணி அடுத்த மாதம் பெரம்பலூருக்கு ஆட வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை, புவனேஸ்வரி மஞ்சுவை மட்டும் எடைமேடைக்கு வரச்சொன்னாள்.

“மொத ஸ்க்ரம்ல பந்து ஒனக்கு. ராசாத்திக்குத் தெரியும். வேற யார்கிட்டயும் சொல்லாத.”

“எனக்கா? நெசமாவாக்கா?”

“நெசமாத்தான்.”

ராசாத்தியிடம் அவள் சொன்னது வேறு. எப்போதும் போலப் பூங்குழலிக்கு வீசு, மஞ்சுவிடம் எதுவும் பேசாதே. சனிக்கிழமை மஞ்சு அம்மாவைப் பார்க்க அரியலூர் போய்வந்ததைப் புவனேஸ்வரி விசாரித்துத் தெரிந்துகொண்டாள்.

முதல் ஸ்க்ரம். மஞ்சு பாய்ந்தாள். அரியலூர்க்காரிகள் மூன்று பேர் அவள்மேல் விழுந்தார்கள். பூங்குழலி தனியாக ஓடிக் கோட்டைத் தாண்டினாள். எல்லோரும் கை தட்டினார்கள். புவனேஸ்வரி தட்டவில்லை.

ஆட்டம் முடிந்ததும் அணி முன்னாலேயே சொன்னாள். “மஞ்சு, இனிமே நீ வர வேண்டாம்.”

“ஏங்க்கா?”

“பந்து ஒனக்குன்னு ஒங்கிட்ட மட்டும்தான் சொன்னேன். மூணு பேர் ஒம்மேல வந்து விழறாங்க. அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

மஞ்சு உதட்டு ரத்தத்தைத் துடைத்தாள். “அப்ப பந்து எனக்கு இல்லயா?”

ராசாத்தி குனிந்து காலணிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே அவிழ்ந்திருந்தது. மஞ்சு பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

புதன்கிழமை மத்தியானம் தார்ப்பாயை இறுக்கக் கட்டிய லாரி ஒன்று எடைமேடையை நோக்கி வந்தது. புவனேஸ்வரி ஜன்னல் வழியாகவே கேட்டாள். “காலி வண்டிதான?”

“எப்படிக்கா தெரியும்?”

“வேகத்தடையில குதிச்சுதே.”

சொன்னவள் சீட்டு எழுதாமல் பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு போனை எடுத்தாள். இரண்டு ஆட்டங்களையும் ராசாத்தியின் கணவர் படம் பிடித்து அனுப்பியிருந்தார். அரியலூரில் நான்கு முறையும் மஞ்சு கைகளை விலாவோடு ஒட்டி, விரல்களை மடக்கிக்கொண்டு ஓடினாள். பந்து இருக்கும் பக்கம் திரும்பவே இல்லை. மலர்க்கொடி அந்தக் கைகளைப் பார்த்துவிட்டு அவளைத் தாண்டிப் போனாள். பெரம்பலூரில் மஞ்சுவின் கண் பந்தின்மேல் இருந்தது. கைகள் முன்னால் விரிந்திருந்தன.

அப்போதும் மனம் ஆறவில்லை. மலர்க்கொடிக்குப் போன் போட்டாள்.

“எங்கக்கா எதுக்குச் சொல்லணும்? வராத பந்துக்கு எவ கை நீட்டுவா? அன்னிக்கு நீட்டிக்கிட்டு வந்தா, அமுக்கினோம்,” என்று சொல்லி மலர்க்கொடி போனை வைத்துவிட்டாள்.

தங்கை அக்காவுக்காகப் பேசுவாள்தான். படத்துக்கு அக்கா தங்கை கிடையாது. புவனேஸ்வரி அதை இன்னும் ஆறு முறை ஓடவிட்டாள்.

மஞ்சு பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்தாள். புவனேஸ்வரி உள்ளே போனதும், “எத்தன காப்பி?” என்றாள் மஞ்சு.

“தப்பு என்னோடது. நீ சொல்லல. ஒன் கைதான் சொல்லிருக்கு.” புவனேஸ்வரி போனைக் காட்டினாள்.

மஞ்சு முழுவதும் பார்த்தாள். “இனிமே பந்து ஒனக்குன்னு நீங்க சொன்னா நான் நம்ப மாட்டேங்க்கா. நம்பலன்னா கை நீளாது.”

“அப்ப என்ன செய்யிறது?”

“யாருக்குங்கறத ராசாத்தி முடிவு பண்ணட்டும், பந்து அவ கைக்கு வந்தப்புறம். எனக்கும் தெரியக் கூடாது. ஒங்களுக்கும் தெரியக் கூடாது. அப்படின்னா வரேன்.”

தான் பார்க்காத வண்டிக்குப் புவனேஸ்வரி சீட்டு எழுதியதில்லை. ஜெராக்ஸ் எந்திரத்தின் வெளிச்சம் கண்ணாடிக்கு அடியில் இரண்டு முறை போய்வந்தது.

“சரி,” என்றாள்.

திருச்சியில் போட்டி. முதல் ஆட்டமே அரியலூருடன். முதல் ஸ்க்ரமில் மஞ்சு கைகளை விரித்துப் பாய்ந்தாள். எதிரே மலர்க்கொடி அக்காவா பூங்குழலியா என்று தயங்கினாள். ராசாத்தி மஞ்சுவுக்கு வீசினாள். பந்து மஞ்சுவின் மார்பில் பட்டு முன்னால் விழுந்தது. ரக்பியில் அது தவறு. நடுவர் விசில் ஊதினார்.

இடைவேளையில் மஞ்சு தண்ணீர் குடிக்க வந்தாள். “நழுவிடுச்சு.”

“மூணு வருஷமா வராத பந்து,” என்றாள் புவனேஸ்வரி. அவள் பார்வை ராசாத்தி பக்கம் போனது.

“இப்ப அவளுக்குக் கண்ணு காட்டுனீங்களா?”

“இல்ல.”

மஞ்சு அவளை ஒரு சுற்றுச் சுற்றி வந்து முன்னால் நின்றாள். “அடுத்த ஸ்க்ரம் வரும்போது திரும்பி நின்னுக்குங்க.”

இரண்டாம் பாதியில் ஸ்க்ரமுக்கு ஆட்கள் குனிந்ததும் புவனேஸ்வரி ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டி நின்றாள். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பஸ் நின்றது. அதன் சக்கரங்களைப் பார்த்தாள். பின்னால் தோள்கள் மோதும் சத்தம் கேட்டது. ஓட்டம் கேட்டது. பூங்குழலி “மஞ்சு, மஞ்சு” என்று கத்தினாள்.

புவனேஸ்வரி திரும்பவில்லை.