எட்டாமல் போன சாமித் தட்டு

மாசாய் நகரில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் சாமிப் படங்கள் ஒரு சுவர்த் தட்டில் இருக்கின்றன. தினமும் விளக்கேற்றும் அம்மா ஒரு நாள், "தட்டு மேல போயிருச்சா, இல்ல நான் கீழ போயிட்டனா?" என்று சிரித்தார். முதுகும் வலிக்கிறது என்றார்.

எனக்கு எதையும் உடனே செய்து பார்த்துவிட வேண்டும். எலும்புப் பரிசோதனை என்று இணையத்தில் விற்ற கருவியை வாங்கி, வீட்டிலேயே அம்மாவின் விரலைக் குத்தி ரத்தம் எடுத்தேன். கால்சியம், வைட்டமின் டி இரண்டுமே சரியாக இருந்தன.

"ஓகேதான் லா அம்மா. உங்க எலும்பு இரும்பு."

"அப்ப ஓவர்டைம் போலாம்."

அம்மாவுக்குத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலை. சில வாரங்களில், ஒரு பெட்டியைத் தூக்கும்போது முதுகெலும்பில் ஒரு கணு நொறுங்கிவிட்டது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், பழைய முறிவுகளும் இருக்கின்றன, அதனால்தான் உயரம் குறைந்தது என்றார். எலும்பு கரைந்துகொண்டிருந்தாலும் ரத்தத்தில் கால்சியம் சரியாகவே இருக்கலாமாம். எலும்பின் அடர்த்தியை ஸ்கேனில்தான் பார்க்க வேண்டுமாம். போன உயரம் இனி வராது.

இப்போதெல்லாம் தோழிகளின் அம்மாக்கள் யாராவது முதுகு வலி என்றால், உயரம் குறைந்திருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறேன். கருவியெல்லாம் வேண்டாம், ஸ்கேனுக்குப் போங்கள் என்கிறேன்.

அம்மாவுக்கு எலும்பு மேலும் கரையாமலிருக்க ஊசி போடுகிறோம். சாமித் தட்டையும் கழற்றிச் சற்றுக் கீழே ஆணி அடித்து மாட்டிக் கொடுத்தேன். நேற்று அம்மா அதன் முன் நின்று விளக்குக்குக் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, திரும்பாமலே சொன்னார்.

"இன்னும் கொஞ்சம் இறக்குடி."